நீதிமன்றக் கதைகளும் வாசகர் அபிப்பிராயமும்

நூல் வெளியீட்டு விழாவில் நாம் கேட்பது நயவுரை. முதற்பிரதி பெற்றவர் மேடையில் நூலைக் குறைசொல்லப் போவதில்லை. அது சபை மரியாதை. காசு கொடுத்து வாங்கி, வீட்டில் வாசித்து முடித்த ஒருவர், "கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா கோட்டுல இப்படி நடக்காதே" என்று சொன்னால், அது பத்து நயவுரைக்குச் சமம். நீதிமன்றக் கதைகளைப் பற்றி அப்படியொரு அபிப்பிராயத்தை எதை வைத்துச் சொல்வது?

நம்மவர்களுக்கு நீதிமன்றக் காட்சி என்றால் 'பராசக்தி' (1952) ஞாபகம் வரும். 'விதி' (1984) படத்தின் வசனம் பாட்டைப் போலவே ஒலிநாடாவில் விற்பனையானது. காதுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நம்மைக் கட்டிப்போடுவது பேச்சு, சாட்சியம் அல்ல. சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் ஆவேசமாகத்தான் பேசுகிறாள். ஆனாலும் பேச்சோடு நிற்கவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று உடைத்தே காட்டிவிடுகிறாள். சான்றுப் பொருளைச் சபை நடுவே வைத்துச் சோதித்த காட்சி அது. 'டுவெல்வ் ஆங்கிரி மென்' (1957) என்ற அமெரிக்கப் படமும் இந்த வகைதான்: பன்னிரண்டு ஜூரர்கள் ஓர் அறைக்குள் இருந்து ஒரு கத்தியையும் சாட்சிகள் சொன்னவற்றையும் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறார்கள். வேறொன்றும் பெரிதாக நடப்பதில்லை. ஆனாலும் எழுந்து போக மனம் வராது.

அடுத்தது, கதை நம் நாட்டுச் சட்டத்தை அறிந்திருக்கிறதா என்பது. இந்தியப் படங்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். நம் மேல் நீதிமன்றத்தில் ஜூரி முறை இன்னும் இருக்கிறது. ஏழு பேர் கொண்ட சபை அது. காதி நீதிமன்றத்திலோ சட்டத்தரணி ஆஜராகவே முடியாது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தலாக் வழக்கில் காதியார் முன்னால் சட்டத்தரணி முழங்குவதாக ஒரு கதை வந்தால், அந்த விறாந்தையில் காத்துக் கிடந்த எந்தப் பெண்ணும் புத்தகத்தை மூடி வைத்துவிடுவாள்.

திருகோணமலை வாசகருக்கு இவற்றைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. படங்களில் கடைசி நிமிடத்தில் ஒரு சாட்சி மூச்சிரைக்க ஓடி வருவார். 2006 ஜனவரி 2ஆம் திகதி நம் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சாட்சியம் இல்லை என்று சந்தேகநபர்கள் 13 பேரையும் விடுவித்தது. முக்கியமான சாட்சிகள் உயிருக்குப் பயந்து எப்போதோ நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதற்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்ததே 2015இல்தான்.

ஆகவே ஓடிவரும் சாட்சியைக் காட்டும் கதையை நாம் ரசிக்கலாம், நம்ப முடியாது. அபிப்பிராயம் கேட்டால் அதை அப்படியே சொல்லிவிட வேண்டும். எழுதியவர் நண்பராக இருந்தாலும்தான்.

நான் தேடிக்கொண்டிருப்பது வேறொரு நாவல். சாட்சி சொல்லப் புறப்பட்ட ஒரு தாய் எத்தனை தவணைக்கு அலைந்தாள், முந்தின இரவு யார் வீட்டுக்கு வந்து என்ன சொல்லிவிட்டுப் போனார்கள், காலையில் பஸ் ஏறினாளா இல்லையா என்று எழுதியிருந்தால் போதும். தீர்ப்பு அதில் இல்லாவிட்டாலும் காசு கொடுத்து வாங்குவேன்.