“போன தடவை ஏம்மா வரலே?”

ரத்தக் கொதிப்பு வலிக்காது. தொல்லையே அதுதான். 140/90ஐத் தாண்டிய கர்ப்பிணியும், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்று மாவரைத்துக் கொண்டிருப்பாள். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இறங்கி மூச்சு வாங்குகிறவளுக்கோ, “பிள்ளைத்தாய்ச்சின்னா அப்படித்தான்” என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடுகிறது.

நான் கர்ப்பிணிகள் பிரிவில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். அடிக்கடி வரவேண்டியவர்களே தவணை தவறும்போது, “அக்கறை போதாது” என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. இருமுறை வராமலிருந்த ஒருத்தியைத் தனியே உட்காரவைத்துக் கேட்டேன். “மூத்தவனை யாரிட்ட விடுறதுக்கா? அத்தை களையெடுக்கப் போயிடுவாங்க. அவரு கூட வந்தா அன்னிக்குக் கூலி போச்சு” என்றாள். சற்றுப் பொறுத்து, “வந்தா படுக்கையிலே சேரச் சொல்வீங்க. போன தடவை வரலேன்னு திட்டுவீங்க” என்றாள். பாருங்கள், ஒரு நாள் தவறியதற்கு வாங்கும் திட்டே அடுத்த நாளையும் தவறவைக்கிறது!

2021லிருந்து டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. வாஸ்தவம். ஆனால் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் குடித்துவிட்டு 2 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குமேல் ஸ்கேன், டாக்டர், மாத்திரை வரிசை. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் பகல் முழுவதும் போயிற்று. ஆபத்து அதிகமுள்ளவளுக்குத்தான் இந்த அலைச்சலும் அதிகம்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறோமே, அங்கேதான் பலருக்கு நூல் அறுந்துபோகிறது. புது ஊர், புது ஆஸ்பத்திரி. பழைய ஃபைல் புகுந்தவீட்டுப் பீரோவில்! ரத்தக் கொதிப்பு ஏறக்கூடிய கடைசி மாதங்களும் அவைதான். சீர்த்தட்டோடு ஃபைலும், ஸ்கேன் தாளும், பிக்மி எண்ணும், மீதி மாத்திரையும் போகட்டும். இரண்டு ஊர் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவையுங்கள்.

மாமியார்மார்களே, மருமகளின் தவணை நாளைக் காலண்டரில் நீங்களே வட்டமிடுங்கள். அன்றைக்கு மூத்த குழந்தை உங்களிடமோ, பக்கத்து வீட்டிலோ இருக்கட்டும். வரமுடியாமல் போனால் மறுநாளே அனுப்புங்கள். அடுத்த தவணைவரை காக்க வேண்டாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் தேதியே பார்க்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.