சம்பள ஏற்றம் கேட்டுக் கோமறைக் கழகம் வரை

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, இலிகிதராகச் சேர்ந்து, கச்சேரிகளிலும் திணைக்களங்களிலும் ஆயுளைக் கழித்து, ஓய்வூதியத்தோடு வீடு திரும்பிய பெரியோர் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அந்தக் கோறணமேந்தே ஒருநாள், "உனக்குரிய சம்பள ஏற்றத்தைத் தரமாட்டோம்" என்று கூறிவிட்டால் யாரிடம் முறையிடுவது? இக்கேள்வியை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றவர் செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழ் அரசாங்க உத்தியோகத்தர். அவர் வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். ஏனையோர் பெரும்பாலும் மறந்துவிட்டனர்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழி ஆக்கியதை வாசகர்கள் அறிவர். அதனை நடைமுறைப்படுத்தும் பொருட்டு 1961 டிசம்பரில் திறைசேரி 560ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தை வெளியிட்டது. உத்தியோகத்தர்கள் படிப்படியாகச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளிற் சித்தியடைதல் வேண்டும். தவறினால் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். கோடீஸ்வரன் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்குக் கிடைக்கவேண்டிய ஏற்றம் நின்றது.

அது ஒரு சிறு தொகை. ஆனால் சிறு தொகைதானே என்று அவர் விட்டுவிடவில்லை. சட்டமா அதிபரை எதிராளியாக்கிக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். சுற்றுநிருபம் தம்மைக் கட்டுப்படுத்தாது. ஏற்றம் தமக்கு உரித்தானது என்று தீர்ப்பளிக்கவேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

அவர் வாதத்தின் அடித்தளம் அக்காலத்தில் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்தவருக்கு இல்லாத தடைகளையோ தகுதியீனங்களையோ இன்னொரு சமூகத்தவர்மீது சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது. இயற்றின் அது செல்லுபடியாகாது என்று அப்பிரிவு விதித்தது. ஆதலால் 1956ஆம் ஆண்டுச் சட்டமே செல்லாது, அதன் பிள்ளையாகிய சுற்றுநிருபமும் செல்லாது என்று கோடீஸ்வரன் தரப்பு வாதித்தது. அரசாங்கத் தரப்போ அச்சட்டம் செல்லும் என்றதோடு நில்லாது, இன்னொரு கவசத்தையும் அணிந்து வந்தது. முடிக்குரிய ஊழியன் தன் சம்பளத்திற்காக முடியின்மீது வழக்குத் தொடுக்கவே முடியாது என்பதே அது. இந்த இரண்டு கேள்விகளையும் வேறு வேறாக நினைவில் வைத்துக்கொண்டாலன்றி வழக்கின் பின்கதை விளங்காது.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் கோடீஸ்வரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் கூறியபோது நாடே திகைத்தது. பாராளுமன்றத்தைப் பல வருடங்கள் அல்லோலகல்லோலப்படுத்திய சட்டம் ஓர் இலிகிதரின் வழக்கில் வீழ்ந்துகிடந்தது.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் பிரதம நீதியரசர் எச். என். ஜீ. பெர்னாண்டோவும் நீதியரசர் ஜீ. பீ. ஏ. சில்வாவும் இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிக்குரிய ஊழியர் சம்பளத்திற்காக வழக்குத் தொடுக்க முடியாது என்று தீர்த்தனர். வழக்கே நிற்காது எனின், மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று ஆராய்வானேன்? அரசியற்றிட்டக் கேள்வி தொடப்படாமலே கிடந்தது.

கோடீஸ்வரன் மனந்தளரவில்லை. அந்நாளில் இலங்கையின் இறுதி மேன்முறையீடு இலண்டனில் இருந்த கோமறைக் கழகத்திற்குச் சென்றது. 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு வழங்கிய தீர்ப்பு மிகவும் சுவையானது. இங்கிலாந்துச் சட்டம் எதுவாயினும், இலங்கையின் பொதுச் சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டம் அன்றோ? அச்சட்டமும், பிரித்தானியர் காலத்தில் இங்கு வளர்ந்த நீதிமன்ற வழக்கமும் ஊழியனுக்கு வழக்குரிமையை மறுக்கவில்லை என்று கழகம் கண்டது. முடி தன் ஊழியனை விரும்பியபோது விலக்கலாம் என்பது ஒன்று. அவன் வேலை செய்து ஈட்டிய சம்பளத்தைக் கொடாது விடலாம் என்பது வேறொன்று. முன்னது உண்மையாயினும் பின்னது அதிலிருந்து பிறவாது. வீட்டு வேலைக்காரனை நாளை நிறுத்தும் எசமானும் இன்று வரையுள்ள கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதை நம் கிராமத்தவரும் அறிவர். இதனைச் சொல்வதற்கு இலண்டன் வரை போகவேண்டியிருந்தது!

ஆயினும் மொழிச் சட்டம் பற்றிய கேள்விக்குக் கழகம் விடை கூறவில்லை. இலங்கை உயர் நீதிமன்றத்தின் கருத்தை முதலில் அறியவேண்டும் என்று கூறி, வழக்கை மீண்டும் அந்நீதிமன்றத்திற்கே அனுப்பிற்று. அங்கே அது விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படவேயில்லை. 1971இல் கோமறைக் கழகத்திற்கான மேன்முறையீட்டு வழி மூடப்பட்டது. 1972 மே 22ஆந் திகதி குடியரசு அரசியலமைப்பு வந்தது; 29ஆம் பிரிவு மறைந்தது; சிங்களம் ஆட்சிமொழி என்பது அரசியலமைப்பிலேயே ஏறிற்று. வழக்கை எவரும் தள்ளுபடி செய்யவில்லை. அது நின்ற தரை அகற்றப்பட்டது. இதனைத் தோல்வி என்று கூற எமக்கு மனம் வரவில்லை. ஒரு நீதிபதி அவர் பக்கம் நின்றார். இறுதி மன்றம் அவருக்கு வழக்குரிமை உண்டென்றது. அவர் கேட்ட பிரதான கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

நிற்க, இன்று அரசாங்க சேவையில் இருப்போரும் அதனை நாடும் மாணவரும் அறியவேண்டியவை சில உள. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி முதலியன காரணமாகப் பாரபட்சம் காட்டுதலைத் தடுக்கின்றது. 1987இல் தமிழும் அரச கரும மொழியாயிற்று. ஆனால் கடமைக்கு நியாயமாக அவசியமாயின், நியாயமான காலத்துள் ஒரு மொழியில் அறிவு பெறும்படி உத்தியோகத்தரைக் கேட்கலாம் என்று அதே உறுப்புரை இடம்விடுகின்றது. ஆகவே மொழிப் பரீட்சை என்றவுடனேயே அநீதி என்று முடிவு செய்யாது, அக்கடமைக்கு அது உண்மையில் வேண்டியதா, போதிய காலம் தரப்பட்டதா என்று ஆராய்தல் வேண்டும்.

அதிகாரம் கையளிக்கப்பட்ட உத்தியோகத்தர் ஒருவரின் கட்டளையை எதிர்த்து அரசாங்க சேவை ஆணைக்குழுவிற்கும், ஆணைக்குழுவின் கட்டளையை எதிர்த்து நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் போகலாம். அடிப்படை உரிமை மீறல் எனின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்திற்கே நேரே மனுச் செய்யலாம். ஆனால் மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துள் செய்தாகவேண்டும். கோடீஸ்வரன் ஏழு வருடங்களுக்கு மேல் வழக்காடினார். இன்றைய உத்தியோகத்தர் முதல் முப்பது நாளில் உறங்கினாலே போதும், கதவு சாத்தப்பட்டுவிடும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது. ஆயினும் முறைப்பாட்டைக் கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடைபெறுகின்றது என்று காட்டல் வேண்டும் என நீதிமன்றம் கூறியுள்ளது.

ஆதலால், பாதகமான கடிதம் ஒன்று வந்தால் அதனை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு மேலதிகாரி மனமிரங்குவார் என்று காத்திருக்கலாகாது. கிடைத்த திகதியை அதன்மேலேயே குறித்து, தபால் முத்திரையுள்ள உறையோடு சேர்த்து, அந்த வாரத்திலேயே ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுவது நன்று.