இணைப்புப் பொறி தலைமையிலா, கிளையிலா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000-ஐ ரூ. 2,516 கோடியில் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. சங்கக் கணினியின் கணக்கு வங்கிக் கணினிக்கு விளங்காவிடில், பயிர்க்கடன் கேட்ட அங்கத்தினர் காத்து நிற்க நேரும். இடைநின்று மொழிபெயர்ப்பது அடாப்டர் எஞ்சின் எனும் இணைப்புப் பொறி. சுங்குவார்சத்திரத்தில் உள்ளவை போன்ற பேராலைகளுக்கென ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் இதனை இரு வகையாக அளித்தது. தலைமையிடத்துப் பொறி ஒன்றேயெனில் செலவு குறைவு. தொடர்பு அறுந்தாலோ கிளையின் வேலை நின்றுவிடும். கிளையிலேயே நிறுவும் பொறி செய்திகளைத் தன் தரவுத்தளத்தில் காத்து வைத்து, தொடர்பு மீண்டதும் அனுப்பும். ஆனால் அதனைப் பராமரிக்க ஆள் வேண்டும். (அவ்வாளின் சம்பளத்தை எவரும் முதலில் எண்ணுவதில்லை!) அந்நிறுவனத்தின் பிராசஸ் ஆர்கெஸ்ட்ரேஷன் 7.5 பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பும் 2027 இறுதியோடு முடிகிறது. எவ்வகை மென்பொருளாயினும், கடன் ரசீதுக்குக் கிளைப் பொறியையும் ஆண்டறிக்கைக்குத் தலைமைப் பொறியையுமே நாம் விரும்புவோம்.