ஓமத்தின் ஆற்றலும் அளவும்

சென்ற தைப்பூசத்தின்போது பத்துமலைக் கடைத்தெருவில் எம் தோட்டத்துத் தாய் ஒருவர் ஓமத் தீநீர்ப் புட்டியைக் காட்டி, "பையன் வெளிறிப் போயிட்டான் ஐயா. இதைக் கொடுத்தா வயித்துப் புழு சாகுங்களா?" என்று கேட்டார். இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறல் இயலாது.

ஓம விதையை நீராவியில் வடித்தால், நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை ஆவியாகும் எண்ணெய் கிடைக்கும். அதில் ஏறக்குறையப் பாதி தைமால் என்னும் பொருளாகும். எஞ்சியவற்றுள் காமா-டெர்பினீன், பாரா-சைமீன் ஆகியவை முதன்மையானவை. எண்ணெய் குளிர்ந்தால் தைமால் பளிங்குபோல் உறையும். சித்த மருத்துவர் ஓம உப்பு என்பது இதனையே.

நுண்ணுயிரைச் சூழ்ந்துள்ள மெல்லிய கொழுப்புப் படலத்தில் தைமால் புகுந்து அதனைக் குலைக்கும். உள்ளிருப்பவை கசிந்து வெளியேற, அவ்வுயிர் மடியும். சீழ் உண்டாக்கும் ஸ்டெபிலோகாக்கஸ், குடலில் வாழும் ஈ. கோலி, வாயில் வெண்புண் தரும் காண்டிடாப் பூஞ்சை ஆகியவற்றின்மேல் இவ்வாற்றல் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் தைமால் சேர்க்கப்படுவதும் இதனாலேயே.

கொக்கிப் புழுவுக்கும் இது மருந்தாக இருந்ததுண்டு. 1880ஆம் ஆண்டையொட்டி இத்தாலிய மருத்துவர் பொசோலோ இதனைக் கையாண்டார். பின்னர் மலாயாத் தோட்ட மருத்துவமனைகளில் நம் முன்னோரும் இதனை விழுங்கினர். வளர்ந்தவர்க்கு ஏறக்குறைய 4 கிராம், உடன் பேதியுப்பு. எண்ணெயும் சாராயமும் விலக்கு. ஏனெனில், அவற்றில் தைமால் கரைந்து இரத்தத்தில் மிகுதியாய்ச் சேர்ந்தால் உயிருக்கே கேடாகும். இதனினும் நல்ல மருந்துகள் வந்தபின் அம்முறை கைவிடப்பட்டது.

இனிக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கிராம் ஓமத்தில் எண்ணெய் 3 கிராம், தைமால் 1½ கிராம் எனக் கொள்வோம். 4 கிராம் தைமாலுக்குக் கால் கிலோவுக்கு மேல் ஓமம் வேண்டும். பாட்டியார் ஒரு சிறு கரண்டி, அதாவது 5 கிராம் ஓமத்தைக் கொதிக்கவைத்துத் தரும் நீரில், அம்மருந்தளவில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. அந்நீர் வயிற்றுப் பொருமலுக்கு இதம் தரலாம், புழுவைக் கொல்லாது.

அத்தாயிடம் இதனை எளிய சொற்களில் கூறி, பையனை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்லும்படி சொன்னேன். வெளிறலுக்குக் காரணம் புழுதானா என்பதைச் சோதனையே காட்டும். புழுவெனில், இன்று அல்பெண்டசோல் மாத்திரை உண்டு. கொக்கிப் புழுவின் குஞ்சு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலுள் புகுவதாதலின், காலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பறையும் இன்றியமையாதன.

ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டலாம். ஓமத்தில் மருந்து இருப்பது மெய்யே. எவ்வளவு இருக்கிறது என்று கேட்க நம் பிள்ளைகள் பழக வேண்டும்.