சாவி யார் கையில்?

கார்த்திகைக்கான அகல் விளக்கு லோடெல்லாம் கிளம்பிப் போனதும் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். அப்படி ஒரு சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் என் பழைய மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறான். சட்டைக் கையில் இன்னும் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. "பாப்பாவுக்கு வர்ற மாசம் அஞ்சு முடியுது சார். ஏதாவது ஒரு ஹோம்ல மதியச் சாப்பாடு போடலாம்னு வீட்ல சொல்றாங்க. எந்த ஹோம் நல்லா நடத்துறாங்கன்னு சொல்லுங்களேன்" என்றான்.

பெயர் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லலாம். வேலையில் இருந்த காலமெல்லாம் என் வகுப்பில் ஹோம் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். ஹோம்களை நான் தெரிந்துகொண்டதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் வழியாகத்தான்.

முதலில் காகிதம். அதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் 2014-இல் வந்த விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வேறு இருக்கிறது. பதிவு இருந்தாலும், நடத்துகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது. தெருவிலோ ரயில்வே ஸ்டேஷனிலோ கண்டெடுத்த பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுதான் பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும். ஆகவே ஹோமில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஓர் உத்தரவு இருந்தாக வேண்டும். ஆபீஸ் அறையில் பதிவுச் சான்று மாட்டியிருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒழுங்காக நடத்துகிறவர்கள் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

"அப்பா அம்மா இல்லாத புள்ளைங்களுக்கு இவ்வளவு பேப்பரா சார்?" என்றான்.

அங்கேதான் பலருக்கும் கணக்குத் தப்புகிறது. ஹோம்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ, சில சமயம் இரண்டு பேருமே உயிரோடு இருக்கிறார்கள். நம் பக்கத்து ஊர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் மாதக்கணக்கில் குடும்பத்தோடு போகிறார்கள். பிள்ளைக்குப் படிப்பு கெடுகிறதே என்று யாரோ ஒருவர் சொன்னதைக் கேட்டு ஹோமில் விட்டுப் போகிறார்கள். புருஷன் செத்த பிறகு முந்திரிக் கொட்டை உடைக்கப் போகும் பெண், மூன்று பிள்ளைகளில் மூத்ததை மட்டும் விடுகிறாள். அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள். அவள் கையில் காசில்லை, அவ்வளவுதான். காசு இல்லாத குறைக்கு அம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, அதைக் கவனித்துக்கொள்ள இன்னொருவருக்குச் சம்பளம் கொடுப்பது என்ன நியாயம்?

அதனால்தான் இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்லும் 16 கொள்கைகளில் ஒன்று, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களும் வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்கின்றன. இது ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்கத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கியது. முந்திரி உடைக்கப் போகும் அந்த அம்மாவுக்கு இந்தச் செய்தியைச் சொல்லி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். நல்ல ஹோம் அந்த வேலையையும் செய்யும். தன்னிடம் இருக்கும் எண்ணிக்கை குறைவதைப் பற்றி அது கவலைப்படாது. எத்தனை பிள்ளைகளை வைத்திருக்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிற ஹோம் ஒன்று இருந்தால், போன வருஷம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் அவசரம். ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சியின் மிச்சமாகப் பெரிய பெரிய அனாதை இல்லங்கள் இருந்தன. 2000-க்குப் பிறகு புகாரெஸ்ட் நகரத்தில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அறிஞர்கள் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பிலேயே இருந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியிலும் ஒட்டுதலிலும் முன்னே போனார்கள். அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் தெளிவாகவே நன்றாக இருந்தார்கள். இல்லத்தில் பாலும் துணியும் கிடைத்தன. அழுதால் வந்து தூக்குகிற ஒரே ஆள், தினமும் அதே ஆள், கிடைக்கவில்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் முகம் மாறினால் குழந்தை யாரோடு ஒட்டும்?

"அப்ப ஹோமே வேணாங்கிறீங்களா?"

அப்படிச் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு வீடுதான் ஆபத்து. சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே யாரும் இல்லை. 2004 சுனாமியில் நம் கடலூர் மாவட்டக் கரையும் அடிபட்டது நினைவிருக்கும். அப்போது அரசு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் பிள்ளைகளுக்கு இல்லங்கள் தொடங்கியது. நாகையில் இருந்த அன்னை சத்யா இல்லத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் நிறைய வந்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், மாற்றலாகிப் போன பின்பும் அங்கு வளர்ந்த பிள்ளைகளோடு தொடர்பை விடவில்லை. குழந்தையாக அங்கே வந்த பெண் ஒருத்தியின் கல்யாணத்தை 2022-இல் நாகையில் அவரே முன்னின்று நடத்திவைத்தார். எல்லாரும் அதை நெகிழ்ச்சிச் செய்தியாகப் படித்தார்கள். எனக்கு அதில் பட்டது வேறு. அந்தப் பெண்ணுக்கு நல்லது கெட்டதைச் சொல்ல, பதினேழு வருஷமாக மாறாமல் ஓர் ஆள் இருந்தார். கலெக்டர்தான் வேண்டும் என்றில்லை. சமையல் செய்யும் ஆயாவாகக்கூட இருக்கலாம், ஆனால் ஆள் மாறக் கூடாது. வார்டனும் இல்லத் தாய்மார்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும் ஹோமில், தரையில் டைல்ஸ் பளபளத்தாலும் எனக்கு மனசு ஒப்பாது.

அடுத்து உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவை. இளைஞர் நீதிச் சட்டத்துக்கான மாதிரி விதிகள் படுக்கும் கூடத்துக்கு 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடி கேட்கின்றன. தலைக்கு 40 சதுர அடி. அதை டேப் வைத்து அளக்க வேண்டாம். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பெயரோ அடையாளமோ இருக்கிறதா, இல்லை ஒரே மக்கில் கொத்தாகக் கிடக்கிறதா? டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா? சாவி பிள்ளையிடம் இருக்கிறதா, வார்டனிடமா? துணி துவைத்து வந்ததும் அவரவர் சட்டை அவரவருக்கே திரும்புகிறதா? என் வகுப்பில் ஒரு பையன் ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் பிஸ்கட் துண்டுகளை வைத்திருப்பான். பசியா என்றால் இல்லை; ஹோமில் மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. தனக்கென்று வைத்துக்கொள்ள அவனிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. ஒருநாள் எறும்பு மொய்த்து, பக்கத்துப் பையன்கள் சிரித்தபோது அவன் அழவில்லை, பாக்ஸை மூடிக்கொண்டான்.

முடிவெட்டும் அப்படித்தான். பேன் வந்துவிட்டது என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனை பேருக்கும் ஒட்ட வெட்டி அனுப்புவார்கள். திங்கட்கிழமை காலை பிரேயரில் ஹோம் பிள்ளைகள் யார் யார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அவன், "எங்க பிளாஸ்டர் அச்சுல ஊத்தி எடுத்த மாதிரி" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று சட்டம் கேட்பது இதற்காகத்தான். எந்த உடம்புத் தொந்தரவு, எந்தப் பாடத்தில் தடுமாற்றம், எந்தச் சொந்தக்காரர் வந்து பார்க்கிறார், எப்போது வீட்டுக்குத் திரும்பலாம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். ஒரே வாசகத்தை எல்லாருக்கும் நகல் எடுத்து வைத்திருந்தால் அது ஆடிட்டுக்காக எழுதியது.

பாதுகாப்பு பற்றியும் சொல்ல வேண்டும், கசப்பான விஷயம்தான். மாமல்லபுரத்துப் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக 2007-இல் பத்திரிகையில் வந்த கட்டுரையை வைத்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடங்கியது. தமிழ்நாட்டு இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கு என்றே அதற்குப் பெயர், பெருமைப்பட ஒன்றுமில்லை. பத்து வருஷம் கழித்து, 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா தீர்ப்பளித்தார்கள். எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும், ஆய்வுக் குழுக்கள் நிஜமாகவே போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஆய்வுக் குழு வருகிற நாளில் எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். அதனால் விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஆலோசனைப் பெட்டி. அது ஆபீஸ் பக்கம் இருக்கக் கூடாது. பிள்ளைகள் படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதன் சாவி ஹோம் நடத்துகிறவரிடம் இருக்கக் கூடாது; நிர்வாகக் குழுவின் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். இதை எழுதியவருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அடிக்கிற ஆளின் மேஜைக்கு எதிரே மாட்டிய பெட்டியில் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? பிள்ளைகளின் குழுக்களும் வயதுவாரியாக இருக்க வேண்டும். ஆறு வயதுக்காரன் பதினேழு வயதுக்காரன் முன்னால் வாய் திறக்க மாட்டான். அடி என்றதும் ஞாபகம் வருகிறது: இல்லங்களில் ஒழுக்கத்துக்காக அடிப்பதும் குற்றம், முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம். நம் தலைமுறை வாத்தியார்களுக்கு இது ஜீரணமாகக் கொஞ்சம் நாளாயிற்று.

"சரி சார், சாப்பாடு?"

போடு. யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து உன் மகள் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை பண்ண வைக்காதே. இலைக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் பிள்ளைகளை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதே. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளம் தெரிகிற மாதிரி படத்தையோ பெயரையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் விடு. உன் மகளோடு அடுத்த வருஷம் அதே ஒன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளை உட்காரப் போகிறது. உங்க பாப்பா பிறந்தநாளுக்கு எங்க ஹோம்ல கேசரி போட்டாங்க என்று அது வந்து சொல்லும்போது உன் மகள் என்ன செய்வாள்? வேறு யாருடைய பிறந்தநாளோ ஹோமில் மாதம் நாலு தடவை நடக்கிறது. தன் பிறந்தநாள் எந்தத் தேதி என்று தெரியாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நல்ல ஹோமில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு தேதி வைத்து, அன்றைக்கு அதற்குப் பிடித்ததைச் சமைப்பார்கள்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ இன்னொன்று சொன்னான். பிறகு, "காசு செலவழிக்கத் தயாரா இருக்கேன் சார். எதுக்குக் குடுத்தா பிரயோஜனம்?" என்றான். வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி.

பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்கு என்றேன். சட்டத்தில் பின்பராமரிப்பு என்று ஒன்று இருக்கிறது. 18-இல் வெளியே வருகிறவருக்கு 21 வயது வரை உதவி செய்ய இடமுண்டு. நடைமுறையில் பல பிள்ளைகள் ஒரு பையும் டிசியும் ஆதார் கார்டுமாக வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். சிலரிடம் சாதிச் சான்றிதழும் இருக்காது, பேங்க் பாஸ்புக்கும் இருக்காது. அதுவரை சமையலறைக்குள் விட்டிருக்க மாட்டார்கள் என்பதால் சோறு வடிக்கத் தெரியாது. கடையில் கணக்குப் பார்த்துச் சாமான் வாங்கத் தெரியாது. பதினாறு வயதிலேயே ஹோம் இதையெல்லாம் பழக்க ஆரம்பித்திருக்க வேண்டும். உன் யூனிட்டில் வருஷத்துக்கு ஒரு பையனையோ பெண்ணையோ, பதினெட்டு முடிந்தவராகப் பார்த்து, முழுச் சம்பளத்துக்கு எடுத்துத் தொழில் கத்துக்கொடு. படிக்க ஆசைப்பட்டால் நம்மூரிலேயே அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. டிப்ளமோவுக்கு அப்ளிகேஷன் வாங்கிக்கொடுத்து, பஸ் பாஸுக்கும் ஃபீஸுக்கும் பின்னால் நில்.

"வேலை குடுத்துடலாம் சார். தங்குறதுக்கு?"

அதுதான் கஷ்டம். இந்த ஊரில் வாடகைக்கு ரூம் கேட்டால் முதலில் அப்பா பெயரைக் கேட்பார்கள், அடுத்து சொந்த ஊர், அப்புறம் என்ன ஆளுங்க என்பார்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத பையனுக்கு ரூம் கிடைக்காது. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால், இவன் நம்ம பையன், ஏதாவது என்றால் எனக்கு போன் பண்ணுங்க என்று வீட்டுக்காரரிடம் சொல்ல உள்ளூரில் ஓர் ஆள் வேண்டும். எஸ்டேட்டில் உன் பெயருக்கு அந்த மரியாதை இருக்கிறது.