பட்டியலின் கடைசி வரி

நீட் முடிவு வந்ததும் வீடுகளில் எழும் முதல் கேள்வி, 'இந்த மார்க்குக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?' என்பதுதான். கேள்வியே பிசகு. 2024-ல் முதலில் வெளியான முடிவில் 67 பேர் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். 2025-ல் இயற்பியல் வினாக்கள் திணறடிக்க, நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் எடுத்தது 686. ஒரே ஆண்டில் மதிப்பெண்ணின் எடை இப்படி மாறும்போது, போன வருட கட்-ஆஃபை இந்த வருட மார்க்கோடு வைத்துப் பார்த்து ஏங்குவதிலும் பூரிப்பதிலும் பொருளில்லை. பார்க்க வேண்டியது மாநிலத் தரவரிசையை. அதிலும் தன் வகுப்புப் பிரிவில் பிள்ளை எத்தனையாவது என்பதை. அந்தப் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியின் கடைசி இடமும் போன முறை எந்த எண்ணோடு முடிந்தது என்று பார்த்தால், கனவு எது, கைக்கு எட்டுவது எது என்று தெரிந்துவிடும்.

இனி, கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசையாக எழுதித் தரும் விருப்பப் பட்டியல். 'கீழே சின்ன காலேஜை எழுதினால் அதையே தலையில் கட்டிவிடுவார்கள்' என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. ஒதுக்கீடு அப்படி நடப்பதில்லை. ஒரு மாணவியின் முறை வந்ததும் கணினி அவர் எழுதிய முதல் வரியைப் பார்க்கிறது: சென்னை மருத்துவக் கல்லூரி, நிரம்பிவிட்டது. அடுத்து ஸ்டான்லி, அதுவும் நிரம்பிவிட்டது. இப்படியே இறங்கி, பதினேழாவது வரியில் அரியலூரில் இடம் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மேலே ஆசைப்பட்டதை எழுதியதால் நஷ்டமில்லை. பன்னிரண்டாவது வரியோடு நிறுத்தியிருந்தால்தான் நஷ்டம். அந்த அரியலூர் இடம் தரவரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவருக்குப் போயிருக்கும்.

புதிய கல்லூரிகளில் படிப்பு எப்படி இருக்குமோ என்ற தயக்கம் நியாயமானது. 1835 முதல் நடக்கும் சென்னைக் கல்லூரியின் நோயாளிகள் கூட்டமும் பேராசிரியர் அனுபவமும், 2022-ல் ஒரே நாளில் திறந்த பதினொரு கல்லூரிகளுக்கு உடனே வந்துவிடாது. அதற்காகத்தான் பழைய கல்லூரிகளை மேலே எழுதச் சொல்கிறோம். ஆனால் பாடத்திட்டமும் பட்டமும் ஒன்றுதான். மேற்படிப்புக்கான நீட் தேர்வில் கல்லூரியின் பெயருக்கு மார்க் கிடையாது.

அப்படியானால் இருக்கும் கல்லூரிகளையெல்லாம் எழுதிவிடலாமா? கூடாது. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஆயிரங்களில் முடியும். தனியாரில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே லட்சங்கள் வேண்டும். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் அரசுப் பள்ளி மாணவருக்கு அந்தச் செலவை அரசே ஏற்கிறது. மற்ற குடும்பங்கள் விடுதி, புத்தகச் செலவையும் சேர்த்து, படிப்பு முடியும்வரை தாங்குமா என்று கணக்குப் போட வேண்டும். கட்ட முடியாத கல்லூரியைக் கட்ட முடிந்ததற்கு மேலே எழுதினால், கணினி மேலிருப்பதைத்தான் கொடுக்கும்.

ஆகவே பட்டியலைப் பூட்டுவதற்கு முன்பு கீழிருந்து மேலாக ஒருமுறை படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'இது மட்டுமே கிடைத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவேனா?' என்று பிள்ளை தன்னையே கேட்கட்டும். கடைசி வரிக்கும் ஆம் என்று பதில் வந்தால் அதுவே நல்ல பட்டியல்.