மோட்டார்க் காருக்குப் புதிய டயர் தெரிவு செய்தல்



வீட்டுக்கு வேண்டிய பொருள்களை நாம் நன்கு ஆராய்ந்தே வாங்குகிறோம். மகளுக்குச் சேலை எடுப்பதென்றால் நான்கு கடை ஏறி இறங்குகிறோம். அரிசியை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்த பின்னரே விலை கேட்கிறோம். ஆனால், குடும்பத்தவர் அனைவரையும் சுமந்து செல்லும் காரின் டயரை மாற்றவேண்டிய வேளை வந்தால், "எது மலிவு?" என்ற ஒரே வினாவோடு கடை வாசலில் நிற்கிறோம். கடைக்காரர் எடுத்து வைப்பதைப் பூட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம். கறுத்த வட்டமான இறப்பரில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப்பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும், டயரைத் தெரிவு செய்வதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. எழுத்தும் எண்ணும் வாசிக்கத் தெரிந்தாற் போதும். நாம் அறிய வேண்டிய செய்திகளிற் பெரும்பாலானவற்றை ஒவ்வொரு டயரும் தன் பக்கச் சுவரிலேயே தாங்கி நிற்கிறது.

காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் யோன் பொய்ட் டன்லொப் என்னும் மிருக வைத்தியர். தம் மகனுடைய மூன்று சில்லு வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக அவர் செய்த முயற்சியே 1888ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற கண்டுபிடிப்பாயிற்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1876இல், நம் நாட்டின் ஹெனரத்கொடைப் பூங்காவில் இறப்பர்க் கன்றுகள் நாட்டப்பெற்றிருந்தன. அன்று குலுக்கத்தைத் தணிக்க வந்த டயர் இன்று செய்யும் வேலைகள் பல. காரின் பாரத்தைத் தாங்குவதும், எஞ்சினின் விசையை நிலத்துக்குக் கடத்துவதும், வளைவிலே காரைப் பிடித்து வைத்திருப்பதும், பிறேக்கை மிதித்தவுடன் நிறுத்துவதும் அதுவே. இத்தனையையும் செய்வதற்கு அதற்குக் கிடைக்கும் இடமோ மிகச் சிறிது. ஒவ்வொரு சில்லும் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவினதே. நான்கு உள்ளங்கை அளவான இறப்பரை நம்பியே நாம் குழந்தைகளையும் முதியோரையும் ஏற்றிக்கொண்டு பிரயாணம் செய்கிறோம். எவ்வளவு சிறந்த பிறேக்காயினும் சில்லைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயரே.

புதிய டயர் வாங்குமுன் பழைய டயரை உற்று நோக்குதல் வேண்டும். மாணவனின் விடைத்தாளைப் போல அது பல குறைகளைக் காட்டிவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதியாக அடிக்கப்பட்டுள்ளது. இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியுள்ளது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுகள் நேராக நிற்கவில்லை என்பது பெரும்பாலும் பொருந்தும். இக்குறைகளைத் திருத்தாமற் புதிய டயரைப் பூட்டினால் அதுவும் அவ்வழியே தேய்ந்து போகும்.

மாற்றவேண்டிய காலத்தை எவ்வாறு அறிவது? புதிய டயரின் பள்ளங்கள் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழமுடையன. அப்பள்ளங்களின் அடியிலே ஆங்காங்கே சிறு மேடுகள் உண்டு. டயர் தேய்ந்து அம்மேடுகளின் மட்டத்தை அடைந்துவிட்டால் எஞ்சிய ஆழம் 1.6 மில்லிமீற்றரே. ஐரோப்பிய நாடுகளிலும் யப்பானிலும் சட்டம் வகுத்த கடைசி எல்லை அது. ஆயின், மழை மிகுந்த இடத்தில் வாழ்வோர் அந்த எல்லைவரை காத்திருத்தல் நன்றன்று. பள்ளங்களின் வேலை, டயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள நீரை வெளியேற்றுவது. ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் குறையும்போதே நனைந்த வீதியில் நிற்கும் தூரம் நீளத் தொடங்கிவிடும். வேகமும் நீரும் மிகுந்தால் டயர் நிலத்தை விட்டு நீரின் மேலே மிதக்கும். அவ்வேளையில் சாரதியின் கையிலுள்ள சுக்கானும் காலடியிலுள்ள பிறேக்கும் பயனற்றவையாகிவிடும். மார்கழி மழையிற் கண்டி வீதி வழியே குடும்பத்தோடு ஊருக்குச் செல்வோர் இதனை மறத்தலாகாது.

இனி, பக்கச் சுவரிலுள்ள எழுத்துக்களை வாசிப்போம். நடுத்தரக் குடும்பக் காரொன்றின் டயரில் "195/65 ஆர் 15 91 எச்" என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறக்குறைய 127 மில்லிமீற்றர், என்பதைக் குறிக்கும். ஆர் என்ற எழுத்து ரேடியல் என்னும் அமைப்பினைக் குறிப்பது. 15 என்பது டயர் பொருந்தும் றிம்மின் விட்டம், அங்குலத்தில். அடுத்துவரும் 91 சுமையின் குறியீடு; அந்த டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். எச் என்பது வேகக் குறியீடு. மணிக்கு 210 கிலோமீற்றர் வரை தாங்கும் என்பது பொருள்.

"நம் நாட்டில் அதிவேகப் பாதையிற்கூட 100 கிலோமீற்றருக்கு மேற் செல்ல முடியாதே, 210 எதற்கு?" என்று சிலர் கேட்பர். வேகக் குறியீடு என்பது வேகத்தை மட்டும் பற்றியதன்று. எழும் வெப்பத்தை டயர் எவ்வளவு தாங்கும் என்பதையும் அது உணர்த்துகிறது. ஆகையால், காரைச் செய்தவர் விதித்த அளவையே வாங்குக. சுமைக் குறியீட்டிலும் வேகக் குறியீட்டிலும் அதற்குக் குறைந்ததை ஒருபோதும் ஏற்கலாகாது. அந்த அளவுகள் சாரதியின் கதவைத் திறந்தவுடன் தெரியும் தூணில், ஒரு சிறு தாளில், பெரும்பாலும் ஒட்டப்பட்டிருக்கும். யப்பானிலிருந்து வந்த காராயின் சொற்கள் யப்பானிய மொழியில் இருக்கலாம். எண்கள் நமக்கு விளங்குவனவே.

அடுத்து, பலர் பாராது விடுவது டயரின் வயது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்திற் செய்யப்பட்டது. ஒரு பக்கத்தில் அது காணப்படாவிட்டால் மறுபக்கத்திற் பார்க்க வேண்டும். இறப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடையும். வெயிலும் காற்றும் அதன் நெகிழ்ச்சியைப் போக்கி வெடிப்புக்களை உண்டாக்கும். மாமரத்தின் கீழே பல்லாண்டு நின்ற காரின் டயரிலே பள்ளங்கள் புதியன போலவே இருக்கலாம். உள்ளே அது முதிர்ந்துவிட்டது. ஐந்து ஆண்டுகள் ஓடிய டயரை ஆண்டுதோறும் அறிந்தவரிடம் காட்டுதலும், செய்து பத்து ஆண்டு கடந்ததைத் தோற்றம் எவ்வாறிருப்பினும் விலக்குதலும் பொதுவான அறிவுரை. மேலதிகச் சில்லில் உள்ள டயருக்கும் இவ்விதி உண்டு.

சில டயர்களில் மூன்று தரக்குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்வைக் குறிக்கும் எண் ஒன்று. நனைந்த வீதியில் நிற்கும் திறத்தைக் காட்டும் ஏ.ஏ., ஏ, பி, சி என்ற எழுத்து மற்றொன்று. வெப்பந் தாங்குவதைக் காட்டும் ஏ, பி, சி என்ற எழுத்து மூன்றாவது. கடைகளில் முதலாவதைப் பற்றியே பெருமையாகப் பேசுவர். அந்த எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் தானே இட்டுக்கொள்வதால், இரு நிறுவனங்களின் டயர்களை அதனைக் கொண்டு ஒப்பிடுதல் பொருத்தமாகாது. மழையும் வெயிலும் மிகுந்த நமக்குப் பின்னிரண்டுமே முதன்மையானவை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோடு இறக்குமதிப் பொருள்களின் விலை பெரிதும் ஏறியது. மாதச் சம்பளத்தில் வாழ்வோர் பாவித்த டயர்களை நாடுவது விளங்கக்கூடியதே. எனினும், பிறர் கழற்றி எறிந்த டயரின் உள்ளே நிகழ்ந்த சேதம் கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த டயரிற் கத்தியாற் பள்ளம் வெட்டிப் புதியதுபோற் காட்டுவது பேராபத்து. மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் பொறித்த டயர்கள் பனிநாட்டுக் குளிர்காலத்துக்கென மென்மையான இறப்பரிற் செய்யப்பட்டவை. நம் வெப்பத்தில் அவை விரைவிலே தேயும், நனைந்த வீதியில் நிறுத்தும் திறமும் குறைவு. நான்கு டயரும் வாங்கக் கையிற் பணமில்லையாயின், ஐயத்துக்குரிய நான்கிலும் நல்ல இரண்டு வாங்குதல் மேல்.

இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றை எங்கே பூட்டுவது? முன்சில்லுகள்தாமே காரை இழுக்கின்றன, திருப்புகின்றன. ஆகவே புதியவை முன்னுக்கே என்பர் பலர். உண்மை மறுதலையானது. மழையில் முன்டயர் பிடி தளர்ந்தால் கார் நேரே செல்ல முற்படும். சாரதி அதனைச் சுக்கானிலே உணர்ந்து வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்டயர் பிடி தளர்ந்தால் காரின் பின்புறம் திடீரென வீசிச் சுழலும். சாதாரண சாரதியால் அதனைத் திருத்துதல் அரிது. எனவே, புதிய இரண்டும் பின்னுக்கு. பழையவற்றில் நல்ல இரண்டும் முன்னுக்கு. ஒரே அச்சின் இடப்புறம் ஒரு வகையும் வலப்புறம் வேறு வகையும் பூட்டலாகாது.

பூட்டும்போது பழைய இறப்பர் வால்வையும் மாற்றி, சில்லுகளைச் சமநிலைப்படுத்தி, நேர்ப்படுத்தியும் கொள்ள வேண்டும். காற்றின் அளவு கதவுத் தூணில் உள்ளதே. 230 கிலோபஸ்கால் என்று அங்கே இருந்தால் அது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 33 இறாத்தல். டயரின் பக்கச் சுவரில் உள்ள காற்றளவு உச்ச எல்லை. நாம் அடிக்க வேண்டிய அளவன்று. ஓடிச் சூடேறுமுன், காலை வேளையில் அளத்தல் நன்று. காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் சுழலுந்தோறும் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது, அதனாற் சூடேறுகிறது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து ஆட்களும் பொதிகளுமாக வெயிலிலே நெடுந்தூரம் ஓடும் கார்களில் டயர் வெடிப்பதற்கு இச்சூடு ஒரு முக்கிய காரணம்.

அச்சாணியின்றித் தேர் ஓடாது என்பது நம்மவர் நன்கறிந்த உண்மை. இன்று நம் வீட்டுத் தேரின் அச்சாணி டயரே. நாளைக் காலையில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் காரருகே செல்லுங்கள். கதவுத் தூணில் உள்ள அளவையும் காற்றின் அளவையும் எழுதுங்கள். மேலதிகச் சில்லையும் சேர்த்து ஐந்து டயரின் நான்கு இலக்கங்களையும் அவற்றின் கீழே குறித்து வையுங்கள். மாற்றும் காலம் வரும்போது அத்தாளோடு கடைக்குச் செல்வீர்களாயின், "எது மலிவு?" என்பதற்கு முன்னர் "எது பொருந்தும், எப்பொழுது செய்தது?" என்று கேட்பீர்கள்.